பனிமலையில் இரண்டு நாள்

1344ஆம் ஆண்டு நமது பாவாதமலையில் ஏறிய இப்னு பதூதாவைப் பற்றி உங்கள் பிள்ளைகள் பாடசாலையில் படித்திருப்பார்கள். அதற்குச் சுமார் பத்தாண்டுகள் முன்னர், கடுங்குளிர் காலத்தில் அவர் கொன்ஸ்தாந்திநோபிளிலிருந்து வொல்கா நதிப் பக்கம் போன கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மூன்று மென்மயிர் அங்கிகள், இரண்டு காற்சட்டைகள், கால்களில் ஒன்றின்மேல் ஒன்றாகப் பாதணிகள். தீயருகே இருந்து சுடுநீரில் வுழூச் செய்தாலும், முகம் கழுவிய நீர் தாடியில் உறைந்துவிடுமாம். உடுப்பின் பாரத்தால் குதிரையேற முடியாமல் தோழர்கள்தான் ஏற்றிவிட்டார்களாம்.

குளிர்நாடு என்றதும் நம் எண்ணமும் இப்படித்தான் ஓடுகிறது. வெளிநாட்டிலிருக்கும் மகளிடம் "தடிப்பாக உடுத்திக்கொள்" என்று தொலைபேசியில் சொல்லாத உம்மா உண்டா? ஆனால் நோர்வே நாட்டு மலைகளில் வார இறுதியைப் பனிச்சறுக்கிலும் நடையிலும் கழிக்கும் குடும்பங்கள் வேறொன்று சொல்கின்றன. புறப்படும்போது உடம்பு சிறிது குளிர வேண்டும். குளிரவில்லை என்றால் கூடுதலாக உடுத்திவிட்டீர்கள் என்பதே பொருள்.

காரணம் வியர்வை. சறுக்கிச் செல்பவருக்கு உடம்பு விரைவில் சூடேறும். வியர்வையில் உடுப்பு நனைந்த பின் இளைப்பாற நின்றால், அந்த ஈரமே உடற்சூட்டை உறிஞ்சிவிடும். நாம் விரும்பி அணியும் பருத்தி இங்கே எதிரி, நனைந்தால் இலகுவில் காயாது. உடம்போடு ஒட்டி மெல்லிய கம்பளி, அதன்மேல் தடித்த கம்பளி, வெளியே காற்றுப் புகாத அங்கி என மூன்று அடுக்கு உடுத்தி, ஏறும்போது ஒன்றைக் கழற்றி, நிற்கும்போது போட்டுக்கொள்வார்கள். காற்றை மறந்துவிடாதீர்கள். பூச்சியத்துக்குக் கீழே 10 பாகைக் குளிரில் மணிக்கு 36 கிலோமீற்றர் வேகக் காற்று வீசினால், திறந்திருக்கும் தோலுக்கு அது 20 பாகை கீழே போனது போல. தலையையும் காதையும் கழுத்தையும் மூடும் கம்பளித் துணி அங்கே ஆண் பெண் எல்லோருக்கும் கட்டாயம். நமது பெண்களுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை!

தொலைக்காட்சியில் மலையுச்சியிலிருந்து பாய்ந்து வருவார்களே, அதுவல்ல இந்தச் சறுக்கு. ஒடுங்கிய நீண்ட பலகையில் சப்பாத்தின் முனை மட்டும் பூட்டப்பட்டிருக்கும், குதிகால் தூக்க வரும். இரு கைகளிலும் கோல் ஊன்றி, நடையும் வழுக்கலுமாகப் போவார்கள். ஏழு வயதுப் பிள்ளையும் போகும், எழுபது வயதுப் பாட்டியும் போவார். பலகையின் அடியில் பூசும் மெழுகுக்குக்கூடக் கணக்குண்டு. கடுங்குளிருக்கு ஒன்று, பனி இளகும் நாளுக்கு இன்னொன்று.

அந்த மக்களுக்கு இது வெறும் விளையாட்டுமல்ல. 1206ஆம் ஆண்டு உள்நாட்டுப் போரின்போது, இரண்டு வயது நிறையாத இளவரசன் ஹோக்கோனைச் சறுக்குப் பலகையில் வந்த இரு வீரர்கள் மலை கடத்திக் காப்பாற்றினார்கள். அதை நினைவுகூர்ந்து 1932 முதல் 54 கிலோமீற்றர் சறுக்கு ஓட்டம் நடைபெறுகிறது. குழந்தைக்குப் பதிலாக முதுகில் மூன்றரைக் கிலோச் சுமை. மூன்றரைக் கிலோ பிறந்த குழந்தையின் எடைதான் என்பது பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும், விதி வகுத்தவர்கள் கேட்கவில்லை போலும்.

தங்குவதற்கு 1868இல் தொடங்கிய மலைநடைச் சங்கத்தின் 500க்கும் மேற்பட்ட குடில்கள் உண்டு. பலவற்றில் பணியாளே இல்லை. அங்கத்தவரிடம் ஒரு திறப்பு இருக்கும். உள்ளே விறகு, கட்டில், சில குடில்களில் டின் உணவும் மாவும் தேயிலையும். எடுத்ததற்கு நீங்களே கணக்கெழுதிப் பணம் செலுத்த வேண்டும், பார்த்து நிற்க ஒருவருமில்லை. இறைச்சி டின்களைத் தவிர்த்து, டின் மீனோடு வீட்டிலிருந்து கொண்டுபோன உணவையும் வைத்துக்கொண்டால் நமக்குக் கவலையில்லை.

தண்ணீருக்குப் பனியை உருக்க வேண்டும். சட்டியில் முதலில் சிறிது தண்ணீர் விட்டுப் பிறகு பனியைப் போடாவிட்டால் அடிப்பிடித்து மணக்கும். இப்படிச் சூடாக்கிய நீர் கிடைக்கும்போது தயம்முமுக்கு இடமில்லை. ஆனால் வுழூவோடு அணிந்த, கணுக்கால் மூடிய தோல் காலணியின்மேல் மஸ்ஹுச் செய்ய, பயணிக்கு மூன்று நாள் இரவு பகலாக அனுமதி உண்டு. கம்பளிக் காலுறையில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதால் புறப்படுமுன் கேட்டுக்கொள்வது நல்லது. கிப்லா தென்கிழக்கே. டிசம்பர் இறுதியில் ஒஸ்லோவில் பிற்பகல் மூன்றேகால் அளவில் சூரியன் மறைந்துவிடும். ளுஹர், அஸர், மஃரிப் மூன்றும் ஏறக்குறைய மூன்று மணித்தியாலத்துள் அடுத்தடுத்து வரும்.

இந்த அழகிய மலைகள் ஆட்களை விழுங்கியும் இருக்கின்றன. 1967 ஈஸ்டர் விடுமுறையில் மட்டும் 18 பேர் மாண்டனர். அதன்பின் மலைப்பயண விதிகள் ஒன்பதும் வீடு வீடாகக் கொண்டு செல்லப்பட்டன. பிள்ளைகள் விரும்பும் ஒரு சொக்லட்டின் உறையின் உட்புறத்திலும் அச்சிட்டார்கள். காலநிலை பார், வரைபடம் எடு, சக்தி இருக்கும்போதே பனியில் குழி தோண்டி ஒதுங்கு என்பன நாம் எதிர்பார்ப்பவைதாம். எட்டாவது விதி வேறு வகை: நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கமில்லை. வீரம் பேசும் பிள்ளைகள் பாதி வழியில் திரும்பி வந்தால் அங்கே யாரும் கேலி செய்வதில்லை. "நல்ல முடிவு" என்று தேநீர் ஊற்றிக் கொடுப்பார்கள். மலைக்குப் போகும் மகனிடம் தொலைபேசியில் சொல்ல, தடித்த உடுப்பைவிட இது பெறுமதியானது.

ஞாயிறு காலை குடிலைக் கூட்டி, அடுப்புச் சாம்பலை அள்ளி, அடுத்தவருக்கு விறகு பிளந்து வைத்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும். வாசலருகே ஒரு கொப்பி இருக்கும். பெயர், திகதி, அடுத்து எந்தப் பாதையால் எங்கே போகிறீர்கள் என்று அதில் எழுத வேண்டும். நீங்கள் வந்துசேராவிட்டால் தேடுபவர்கள் முதலில் அதைத்தான் திறந்து பார்ப்பார்கள்.