விளையாட்டே பாடம்

அண்டை வீட்டுப் பிள்ளைகளைத் தம் இல்லத்தில் வைத்துப் பராமரிப்போர், ‘நாள் முழுவதும் என்ன கற்பிப்பது?’ என வினவுவதுண்டு. இரண்டு முதல் நான்கு வயது வரை எழுத்துப் பயிற்சி தேவையில்லை. பேச்சும் விளையாட்டும் உறக்கமுமே தேவை.

காலை உணவுக்குப் பின் பிள்ளைகள் ஊக்கத்துடன் இருப்பர். கிண்ணங்களை அளவுப்படி அடுக்குதல், காய்களை நிறம் பிரித்தல் போன்றவற்றை அப்போது செய்யச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் 10 நிமிடம் போதும். பொருளின் பெயரைச் சொல்லி, பிள்ளை மறுமொழி கூறும்வரை காத்திருங்கள்; பேச்சு அவ்வாறே வளர்கிறது. பின்னர் ஓடியாடட்டும். மதியம் உறக்கம், மாலையில் கதை, பாட்டு. கைப்பேசி, தொலைக்காட்சி இரண்டும் சேர்ந்து நாளுக்கு 1 மணி நேரத்தைத் தாண்டலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

எண்ணப் பழக்குவதற்குப் புளியங்கொட்டை வேண்டா, மூச்சுக்குழாயை அடைத்துவிடும். கரண்டிகளை எண்ணச் செய்யுங்கள்.

இரண்டு வயது நிறைந்தும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாத பிள்ளைக்கும், அழைத்தால் திரும்பாத பிள்ளைக்கும் செவித்திறன் பரிசோதனை அவசியம். பகலெல்லாம் உடனிருக்கும் நீங்களே இதனை முதலில் உணரக்கூடும். பெற்றோரிடம் தயங்காது கூறுங்கள்.