பாடு பகிர்தல்

பழவேற்காட்டு மீனவரிடையே 'பாடு' என்றொரு முறை தொன்றுதொட்டு வழங்கி வருகிறது. ஏரியில் மீன் மிகுந்த இடங்களை ஒருவரே என்றும் கைக்கொள்ளாதவாறு, இன்ன நாளில் இன்னார் வலையிடலாம் என முறை வகுத்துக்கொள்வதே அது. பாடு என்னும் சொல்லுக்கு உழைப்பு, துன்பம் என்னும் பொருள்களும் உண்டு. வருவாயை முறைவைத்துப் பகிரத் தெரிந்த ஊரார், துன்பத்தையும் அவ்வாறே பகிர்ந்துகொள்ளலாகாதா? இவ்வினாவே இக்கட்டுரையின் தோற்றுவாய்.

மருத்துவ வளர்ச்சியால், முற்காலத்தில் பிழைக்க வழியின்றி மறைந்த குழந்தைகள் பலர் இன்று உயிர் வாழ்கின்றனர். அவருள் சிலருக்கு வீடு திரும்பிய பின்னரும் கருவியின் துணை வேண்டும். ஒரு குழந்தை மூக்கின்வழிச் செலுத்திய குழாயால் உணவு பெறும். மற்றொன்று தொண்டையில் இட்ட துளைவழியே மூச்சு விடும். வேறொன்று ஆக்சிஜன் செறிவூட்டியைச் சார்ந்திருக்கும். காற்றிலுள்ள நைட்ரஜனை நீக்கி ஆக்சிஜனை மிகுவித்துத் தரும் அக்கருவி, மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிடும். தொண்டைக் குழாயில் சளி அடைத்தாலோ, உறிஞ்சு கருவியால் உடனே அகற்ற வேண்டும். தாமதம் உயிருக்குக் கேடு. எனவே அவ்வீட்டில் இரவிலும் ஒருவர் விழித்திருத்தல் இன்றியமையாதது.

அந்த ஒருவர் பெரும்பாலும் தாயே. தந்தை வலைக்குச் சென்றிருப்பார். தாய் மீன் விற்கச் செல்லாவிடில் வருவாய் குறையும்; சென்றால் குழந்தையைப் பார்ப்பார் இலர். அரசு குழந்தைகள் நல மருத்துவமனையோ ஏறத்தாழ 60 கிலோ மீட்டர் தொலைவில் எழும்பூரில் உள்ளது. 2016 டிசம்பரில் வர்தா புயலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் திருவள்ளூர் மாவட்டத்தை இருளில் ஆழ்த்தின. அத்தகைய இரவுகளில் ஆக்சிஜன் உருளை ஒன்று வீட்டில் இருப்பதும் இல்லாததும் ஓர் உயிரின் வேறுபாடாகும்.

சட்டம் இவர்களை மறக்கவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மிகுந்த துணை தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பராமரிப்பாளர் உதவித்தொகை வழங்குவதற்கும் இடமளிக்கிறது. தமிழக அரசு 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், இயன்முறை மருத்துவத்தையும் நோய்த் தணிப்புச் சிகிச்சையையும் இல்லந்தோறும் கொண்டுசெல்ல வகுக்கப்பட்டது. ஆயினும் சான்றிதழுக்கும் விண்ணப்பத்திற்கும் அலைய வேண்டியவர், குழந்தையை விட்டு ஒரு நாழிகையும் அகல முடியாத அதே தாய் அல்லரோ? உரிமைக்கும் அவருக்கும் இடையே நிற்பது இந்த இடர்ப்பாடே.

ஈண்டுதான் ஊரார் கடமை தொடங்குகிறது. பயிற்சி இல்லாதவர் கருவியைத் தொடலாகாது. ஆகவே மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புமுன், தாயுடன் பாட்டியோ சித்தியோ அத்தையோ இன்னொருவரும் செவிலியரிடம் அப்பணியைக் கற்றுக்கொள்ள வேண்டும். அப்போதுதான் தாய் ஓர் இரவேனும் உறங்க இயலும். பிற பணிகளுக்குப் பயிற்சி வேண்டுவதில்லை. தண்ணீர் பிடித்துத் தரலாம். அவர் வீட்டு மீனையும் சேர்த்து விற்றுத் தரலாம். மூத்த பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லலாம். ஊர்ப் பஞ்சாயத்தும் ஜமாஅத்தும் அத்தகைய இல்லங்களைக் கணக்கெடுத்து, புயல் எச்சரிக்கை வந்தவுடனேயே அக்குழந்தைகளை மருத்துவமனைக்கு அனுப்ப ஏற்பாடு செய்யலாம். விண்ணப்பம் எழுதவும் அலுவலகம் சென்றுவரவும் நம் கல்லூரி மாணவர் முன்வரலாம்.

நோயாளியை நலம் விசாரித்து வருதல் நற்செயல் என்பதை நாம் அனைவரும் அறிவோம். நோயாளியின் அருகே உறங்காது அமர்ந்திருப்பவரையும் நலம் விசாரிப்போமாக. விசாரித்ததோடு திரும்பாமல், அவர்தம் பாட்டில் ஒரு முறையை நாமும் ஏற்போமாக.