தேவனுடைய ராஜ்யம்: ரிட்சலின் உரையும் வைஸின் மறுப்பும்

மூலத்தில் நிற்கும் ஒரு சொல்லுக்கு உரைகாரர் கூறும் பொருள் சிறந்ததாயிருத்தல் வேறு. அது மூலத்தின் கருத்தாயிருத்தல் வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மனியின் புராடஸ்டண்ட் இறையியலார் இவ்வேறுபாட்டை எதிர்கொள்ள நேர்ந்த விதம் வ்யாக்யானம் பயில்வோர் அறியத்தக்கது.

தத்துவ அறிவால் ஈசுவரனை நிறுவ இயலாதென்று காண்ட் வாதித்தபின், சமயத்திற்கு நிலைக்களன் யாது என்னும் வினா எழுந்தது. ஷ்லையர்மாகர் 1799இல் வெளியிட்ட நூலில், சமயம் அறிவுமன்று, செயலுமன்று என்று கூறி உணர்விலே அதனை நிறுவினார். பின்னர் அதனை முற்றான பாரதந்த்ர்ய உணர்வு என விளக்கினார். (இவர் கூறுவது தன்னுணர்வில் காணப்படும் ஒன்று, ஆத்ம ஸ்வரூபமான பாரதந்த்ர்யத்தோடு இதனை ஒன்றெனக் கொள்ளலாகாது.)

கெட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் 1864 முதல் கற்பித்த ஆல்ப்ரெக்ட் ரிட்சலுக்கு உணர்வும் போதுமானதாயில்லை. தத்துவ விசாரத்தையும் அநுபூதி மார்க்கத்தையும் ஒருங்கே விலக்கி, சரித்திரத்தில் வெளிப்பட்ட இயேசுவையே அவர் ப்ரமாணமாகக் கொண்டார். நீதிமானாக்கப்படுதலும் ஒப்புரவாதலும் பற்றி 1870 முதல் 1874 வரை மூன்று பாகங்களாக வெளிவந்த தம் பெருநூலில், கிறிஸ்தவம் இரண்டு குவியங்களையுடைய நீள்வட்டம் போன்றது என்றார். ஒன்று மீட்பு, மற்றொன்று தேவனுடைய ராஜ்யம். ராஜ்யமாவது, அன்பினால் தூண்டப்பட்ட செயல்களின் வாயிலாக மனிதகுலம் ஒழுக்க சமூகமாக அமைதல். அவரவர் தத்தம் தொழிலை உண்மையோடு செய்தலே அதற்குரிய இடம் என்றும் வகுத்தார். துறவறத்தை உயர்ந்த நிலையாக ஏற்காத லூத்தரின் வழி இதில் தொடர்கிறது. எனினும் புதிய ஜெர்மானியப் பேரரசின் நடுத்தர வகுப்பாருக்கு இவ்வொழுக்கம் எளிதில் இசைந்துபோயிற்று என்பதையும் மறுப்பதற்கில்லை.

ரிட்சல் 1889இல் மறைந்தார். அவருடைய மருமகனும் மாணவருமான யோஹானஸ் வைஸ் 1892இல் 67 பக்கங்களே கொண்ட சிறுநூலொன்றை வெளியிட்டார். சுவிசேஷங்களில் ராஜ்யம் சமீபித்திருப்பதாகச் சொல்லப்படுகிறது. அது வரவேண்டுமென்று மக்கள் வேண்டுகின்றனர். அதனைக் கட்டியெழுப்பும்படி ஒருவரும் ஏவப்படவில்லை. ஆகவே அது இவ்வுலகின் முடிவில் தேவன் ஒருவராலேயே நிகழ்வது. இயேசு விதித்த கடுமையான ஒழுக்கமோ அதற்கு மனந்திரும்பி ஆயத்தமாதல். இதுவே வைஸின் சித்தாந்தம்.

ஆயினும் 1900இல் வந்த இரண்டாம் பதிப்பின் முன்னுரையில், தம் காலத்தவர்க்குக் கிறிஸ்தவத்தை எடுத்துரைக்க ரிட்சலின் கருத்தே ஏற்றதென அவர் கூறினார். மூலக்கருத்து அதுவன்று, ஆயினும் கொள்ளத்தக்கது என்பது இதன் பொருள். வேறு நெறியார்க்கு இது பொறுக்கக்கூடியதாயிருக்கலாம். தத்துவத்தை விலக்கிச் சரித்திரமொன்றையே பற்றி நின்ற ரிட்சலின் நெறிக்கோ பிடித்திருந்த கொம்பே முறிந்தது.

1899–1900 பனிக்காலத்தில் பெர்லினில் சொற்பொழிவாற்றிய அடால்ஃப் ஹார்னாக், முடிவுகாலத்து ராஜ்யத்தை இயேசு தம் காலத்தவரோடு பொதுவாகக் கொண்டிருந்ததென ஒதுக்கி, உள்ளத்தில் ஆளும் ராஜ்யத்தையே சாரமெனக் கொண்டார். உமி இன்னது, மணி இன்னது என்று அவருக்குக் காட்டியது மூலமா, அவர் காலத்து ஒழுக்கக் கொள்கையா? பிரெஞ்சுக் கத்தோலிக்கரான ஆல்ஃப்ரெட் லுவாஸி 1902இல் எழுதிய மறுப்புநூல் இவ்விடத்தையே பற்றிக்கொண்டது.