எல்லை கடந்த வணிகமும் மனித உரிமையும்

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்த சிற்றூர் பிளாச்சிமடா. எரவாளர், மலசர் முதலிய பழங்குடி மக்களும் வேளாண் தொழிலாளரும் அங்கு வாழ்கின்றனர். 2000-ஆம் ஆண்டில் பெருமாட்டி ஊராட்சியின் உரிமத்துடன் அவ்வூரில் ஒரு குளிர்பான ஆலை தொடங்கப்பட்டது. அதனை நடத்தியது கொக்கோ-கோலா நிறுவனத்தின் இந்தியத் துணை நிறுவனம். தாய் நிறுவனத்தின் தலைமையகமோ அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் உள்ளது.

ஆலைக்கு வேண்டிய நீர் ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து எடுக்கப்பட்டது. சில காலத்திற்குள், தங்கள் கிணறுகள் வற்றுகின்றன, நீரின் சுவையும் கெட்டுவிட்டது என்று மக்கள் முறையிட்டனர். குடிநீருக்காகப் பெண்கள் நெடுந்தொலைவு நடக்க நேர்ந்தது. 2002 ஏப்ரலில் மயிலம்மா என்னும் பழங்குடிப் பெண்மணியும் ஊர்மக்களும் ஆலையின் முன் அறப்போராட்டம் தொடங்கினர். உரம் என்று உழவர்களுக்கு வழங்கப்பட்ட ஆலைக் கழிவில் காரீயம், காட்மியம் ஆகிய நச்சு உலோகங்கள் இருப்பதை 2003-இல் பிரித்தானிய வானொலி நிகழ்ச்சி ஒன்று வெளிப்படுத்தியது. நிறுவனம் குற்றச்சாட்டுகளை மறுத்தது.

ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. வழக்கு கேரள உயர்நீதிமன்றத்தை அடைந்தது. நிலத்தடி நீர் மக்களின் பொதுச்செல்வம், அரசு அதன் காப்பாளர் என்று தனி நீதிபதி 2003 டிசம்பரில் தீர்ப்பளித்தார். 2004 மார்ச்சில் ஆலை இயக்கம் நின்றது. எனினும், 2005-இல் இரு நீதிபதிகள் அமர்வு, நாளொன்றுக்கு ஐந்து இலட்சம் லிட்டர் வரை நீர் எடுக்கலாம் என்றது. வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. ஆலையை மீண்டும் இயக்கும் எண்ணம் இல்லை என்று 2017-இல் நிறுவனம் அங்கே தெரிவித்தது.

ஒரு நாட்டு நிறுவனம் வேறொரு நாட்டில் தொழில் நடத்தும்போது, அங்குள்ள மக்களின் உரிமைகளுக்கு யார் பொறுப்பு? இவ்வினாவுக்கு விடையாக, 2011 ஜூனில் ஐக்கிய நாடுகள் மனித உரிமை மன்றம் வழிகாட்டும் நெறிமுறைகளை ஏற்றது. அவை மூன்று தூண்களை உடையவை: உரிமைகளைக் காப்பது அரசின் கடமை, எந்நாட்டில் இயங்கினாலும் அவற்றை மதிப்பது நிறுவனத்தின் பொறுப்பு, பாதிக்கப்பட்டோர்க்குத் தீர்வு கிடைக்க வழி இருத்தல் வேண்டும். ஆனால், இந்நெறிமுறைகள் சட்டம்போல் கட்டுப்படுத்துவன அல்ல. ஆகவே, கட்டுப்படுத்தும் உடன்படிக்கை ஒன்றை உருவாக்க 2014-இல் அம்மன்றம் தனிக்குழு அமைத்தது.

பிளாச்சிமடாவில் எட்டாமல் நிற்பது மூன்றாம் தூணே. கேரள அரசு அமைத்த உயர்நிலைக் குழு, இழப்பு 216 கோடி ரூபாய்க்கு மேல் என 2010-இல் மதிப்பிட்டது. இழப்பீடு பெற்றுத்தரத் தனித் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவைச் சட்டமன்றம் 2011-இல் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காமையால் அது சட்டமாகவில்லை. ஆலை மூடியதால் மட்டும் இழந்தவை மீள்வதில்லை. பாதிக்கப்பட்டோரின் கைக்குத் தீர்வு சேரும்போதே பொறுப்பு நிறைவுறும்.

அருஞ்சொற்பொருள்
அமர்வு – நீதிபதிகள் கூடி வழக்கை ஆராயும் குழு
தீர்ப்பாயம் – குறிப்பிட்ட வகை வழக்குகளை ஆராயும் அமைப்பு

விடை எழுதுக
1. நிலத்தடி நீர் குறித்து 2003-ஆம் ஆண்டுத் தீர்ப்பு கூறியது யாது?
2. மூன்று தூண்களுள் பிளாச்சிமடா மக்களுக்கு எட்டாதது எது? காரணம் கூறுக.