வாசலில் கல்யாணம்... வாடகைச் சாமான்களுக்கு ஒரு கணக்கு!

தை பிறந்தால் கிராமங்களில் கல்யாணப் பேச்சு தொடங்கிவிடும். சம்பா அறுவடைப் பணம் கைக்கு வருவதும் அந்தச் சமயத்தில்தான். நகை, துணிமணி, சீர்வரிசைக்கெல்லாம் பல மாதங்களுக்கு முன்பே கணக்குப் போடுகிற குடும்பங்கள்கூட, பந்தல், பாத்திரம், நாற்காலி, ஜெனரேட்டர் என்று வரும்போது, ‘கடையில் சொன்னால் வந்து இறங்கிவிடும்’ என்று விட்டுவிடுகிறார்கள். சாமான்கள் வந்து இறங்கிவிடும்தான். ஆனால், எத்தனை இறங்கியது, எத்தனை திரும்பிப் போனது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அதனால், கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் கடைக்காரர் நீட்டும் சீட்டுக்கு மறுபேச்சுப் பேச முடிவதில்லை. சிறு விவசாயக் குடும்பத்துக்கு அந்தப் பணம் அடுத்த போகத்து விதைக்கும் உரத்துக்குமானது.

வாசலிலோ, நெல் தூற்றும் களத்திலோ பந்தல் போட்டுக் கல்யாணம் நடத்த நினைப்பவர்கள், கடைக்குப் போவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து செய்ய வேண்டிய சில வேலைகள் இருக்கின்றன.

மொய் நோட்டை எடுங்கள்!

எத்தனை பேர் வருவார்கள் என்பது தெரியாமல் எதையும் வாடகைக்குப் பேசக் கூடாது. அச்சடித்த பத்திரிகையின் எண்ணிக்கையை வைத்துக் கணக்குப் போட்டால் தப்பாகிவிடும். அதைவிட நம்பகமானது, வீட்டில் இருக்கும் மொய் நோட்டு. நீங்கள் யார் யார் வீட்டுக்கு மொய் செய்திருக்கிறீர்களோ, அவர்கள் அநேகமாக வருவார்கள்.

உள்ளூர்க்காரர்கள் வீட்டோடு வருவார்கள். வெளியூர் உறவில் ஒருவர், இருவர்தான் வருவார்கள். உதாரணத்துக்கு, உள்ளூரில் 120 வீடு, வீட்டுக்கு 3 பேர் என்றால் 360. வெளியூர் உறவில் 60 குடும்பம், குடும்பத்துக்கு 2 பேர் என்றால் 120. சம்பந்தி வீட்டார் சொன்ன எண்ணிக்கை 120. ஆக மொத்தம் 600 பேர். கீழே வரும் கணக்குகள் எல்லாம் இந்த 600 பேருக்குத்தான். உங்கள் எண்ணிக்கைக்கு ஏற்றபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பந்திக் கணக்கு

600 பேர் வருகிறார்கள் என்பதற்காக 600 நாற்காலி எடுக்க வேண்டியதில்லை. ஒரு பகுதியினர் சாப்பிடும்போது ஒரு பகுதியினர் பந்தலில் இருப்பார்கள். மொய் எழுதிவிட்டுக் கிளம்புகிறவர்களும் உண்டு. பந்தலுக்கு 300, சாப்பாட்டு இடத்துக்கு 100 என்று 400 நாற்காலி போதும்.

ஒரு பந்திக்கு 100 பேர் என்றால் மொத்தம் ஆறு பந்தி. இலை போட்டு, பரிமாறி, சாப்பிட்டு, இடத்தைத் துடைக்க ஒரு பந்திக்கு 40 நிமிடம் வைத்தால், நான்கு மணி நேரத்தில் பந்தி முடியும். 60 பேர் மட்டும் உட்கார இடம் போட்டால் பத்துப் பந்தி ஆகும். ஆறரை மணி நேரத்துக்கும் மேல் இழுத்து, கடைசிப் பந்திக்காரர்கள் முகம் சுளிப்பார்கள்.

ஒருவர் உட்கார இரண்டடி இடம் வேண்டும். ஆறடி மேசையில் ஒரு பக்கம் மூன்று பேர். ஆகவே, 100 பேருக்கு 34 மேசை. இந்த எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால், ‘ஐம்பது மேசை போட்டுக்கலாம்ணே’ என்ற பேச்சுக்குத் தலையாட்ட வேண்டியிருக்காது.

நாளுக்கு ஏற்ற பந்தல்

நாற்காலி ஒன்றுக்கு, நடைபாதையும் சேர்த்து, ஏழெட்டு சதுர அடி வேண்டும். 300 நாற்காலிக்கு 30 அடிக்கு 75 அடி பந்தல் தாராளம். சாப்பாட்டுப் பந்தல் இதில் சேராது.

தையில் மழை பயம் குறைவு. துணிப்பந்தல் போதும். ஆனால், அறுவடை நடப்பதால் களம் காலியாக இருக்குமா, சாமான் ஏற்றிவர டிராக்டர் கிடைக்குமா என்று முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். வைகாசியில் வெயிலும், திடீரென்று வரும் கோடை மழையும், சூறைக்காற்றும் உண்டு. ஆவணியிலும் மழைக்கு வாய்ப்பு இருக்கிறது. இந்த மாதங்களில் தகரப்பந்தல் நல்லது. எந்தப் பந்தலாக இருந்தாலும், மின்கம்பிக்குக் கீழே போடக் கூடாது. இரும்புக் குழாயைத் தூக்கி நிறுத்தும்போது கம்பியில் பட்டால் உயிர் போய்விடும்.

வளர்பிறை முகூர்த்த நாள்களில் ஒரே கடைக்குப் பல வீட்டார் வந்து நிற்பார்கள். மூன்று மாதம் முன்பே சொல்லி, முன்பணம் கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணங்கள் இருக்காது. அப்போது போனால் சாமான்களை நிதானமாகப் பார்த்து, விலை பேசலாம்.

பாத்திரப் பட்டியல் யாரிடம்?

அண்டா, தவலை, இட்லிக் கொப்பரை, அன்னக்கூடை, சாம்பார் வாளி, கரண்டி இவையெல்லாம் எத்தனை வேண்டும் என்பதைச் சமையல்காரர்தான் சொல்ல வேண்டும். மளிகைப் பட்டியல் எழுதும் அன்றே பாத்திரப் பட்டியலையும் அவர் வாயால் சொல்லச் சொல்லி எழுதுங்கள். கடைக்காரர் தரும் ‘மொத்த செட்’டில் உங்களுக்குத் தேவைப்படாதவையும் இருக்கும். வாடகை எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான்.

சாப்பாட்டுக்கு 100 பேருக்கு 12 முதல் 15 கிலோ அரிசி என்பது கிராமத்துக் கணக்கு. 600 பேருக்கு 90 கிலோ வரை போகும். சொந்த நெல்லை அரைப்பதாக இருந்தால், சுமார் 140 கிலோ நெல் ஒதுக்க வேண்டும். புது நெல் அரிசி குழைந்துவிடும் என்பதால், பழைய நெல்லாகப் பார்த்து எடுத்துவையுங்கள்.

பித்தளை, செம்புப் பாத்திரங்களின் உட்புறத்தில் ஈயப்பூச்சு இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். பூச்சு தேய்ந்த பாத்திரத்தில் புளிக்குழம்பு, ரசம், மோர் வைத்தால் களிம்பு ஏறும். சாப்பிட்டவர்களுக்கு வாந்தி, வயிற்றுவலி வரும். சந்தேகமாக இருந்தால், புளி சேரும் பதார்த்தங்களுக்கு எவர்சில்வர் பாத்திரம் கேளுங்கள்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் கேளுங்கள்!

* ‘ஒரு நாள்’ வாடகை என்றால் எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை? முந்தின நாள் மாலை பெண்ணழைப்பு, மறுநாள் காலை முகூர்த்தம் என்றால் அது ஒரு நாளா, இரண்டு நாளா?
* ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, வண்டி வாடகை யார் பொறுப்பு?
* பாத்திரத்தைக் கழுவிக் கொடுக்க வேண்டுமா? கழுவாமல் கொடுத்தால் எவ்வளவு?
* உடைந்தால், தொலைந்தால் ஒவ்வொரு சாமானுக்கும் என்ன விலை பிடிப்பீர்கள்?
* ஜெனரேட்டருக்கு டீசல் உங்களுடையதா, எங்களுடையதா? ஆபரேட்டர் கூடவே இருப்பாரா?
* கல்யாணம் தள்ளிப்போனால் முன்பணம் திரும்ப வருமா?

பதில்களை ரசீதின் பின்பக்கமே எழுதி, கடைக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். பழகியவர் ஆயிற்றே என்று கூச்சப்பட வேண்டாம். எழுதி வைத்தால்தான் பழக்கம் கெடாமல் இருக்கும்.

எண்ணி வாங்கு... எண்ணிக் கொடு!

வாடகையில் பணம் கரைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சாமான் வந்து இறங்கும்போது வீட்டில் எல்லோரும் வேறு வேலையில் இருப்பார்கள். திரும்பிப் போகும்போது எல்லோரும் அசந்து தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

சமையல் வேலையோ, சடங்கு வேலையோ இல்லாத ஒருவரிடம் இந்தப் பொறுப்பை மட்டும் கொடுங்கள். மாமா, சித்தப்பா முறையில் நிதானமானவராக இருந்தால் நல்லது. வண்டி வந்ததும் ஒவ்வொன்றாக எண்ணி, இரண்டு பிரதி எழுத வேண்டும். நசுங்கியது, காது உடைந்தது, கால் ஆடும் நாற்காலி ஆகியவற்றைத் தனியாகக் குறித்து, செல்போனில் படம் எடுத்துவிட வேண்டும். கடை ஆளும் இவரும் இரண்டு பிரதியிலும் கையெழுத்துப் போட வேண்டும்.

அதிகம் தொலைவது கரண்டி, டம்ளர், வாளி போன்ற சின்னச் சாமான்கள்தான். மீந்த சாம்பாரோடு வாளி பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். கரண்டி எச்சில் இலையோடு குப்பைக்குப் போய்விடும். ஆகவே, குப்பையைக் கொட்டுவதற்கு முன்பே ஒரு தடவை எண்ணிவிடுங்கள். மீந்ததைக் கொடுத்தனுப்ப வீட்டுப் பாத்திரத்தையே பயன்படுத்துங்கள்.

நெருப்பும் மின்சாரமும்

2004-ம் ஆண்டு ஜனவரியில், ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கீற்றுப்பந்தல் தீப்பிடித்து, மாப்பிள்ளை உட்பட 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். கீற்றும் துணியும் காய்ந்து கிடக்கும் இடத்தில் ஒரு பொறி போதும். சூடாகும் வீடியோ விளக்கு, சீரியல் விளக்கு, ஒட்டுப்போட்ட வயர் எதுவும் கீற்றைத் தொடக் கூடாது. பந்தலுக்கு இரண்டு பக்கமாவது வெளியேற வழி விடுங்கள். அந்த வழியில் நாற்காலி அடுக்க வேண்டாம்.

சமையல் கொட்டகையைப் பந்தலிலிருந்து தள்ளி, தகரக் கூரையின் கீழ் வையுங்கள். 19 கிலோ வணிக சிலிண்டர்தான் பயன்படுத்த வேண்டும். வீட்டு சிலிண்டரை விசேஷத்துக்குப் பயன்படுத்த அனுமதி இல்லை. அடுப்புக்குப் பக்கத்தில் நான்கு வாளி மணல் இருக்கட்டும். எண்ணெயில் பிடித்த தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ இன்னும் பரவும்.

கம்பத்தில் கொக்கி போடுவது 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி திருட்டுக் குற்றம். விவசாயத்துக்குக் கொடுத்த இலவச இணைப்பிலிருந்து பந்தலுக்கு வயர் இழுப்பதும் விதிமீறல். மின்வாரிய அலுவலகத்தில் தற்காலிக இணைப்புக்கு விண்ணப்பிக்கலாம். ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது.

இலையும் டம்ளரும்

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல், சாப்பாட்டு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு, காகிதக் கப், தண்ணீர் பாக்கெட் எல்லாம் தடை செய்யப்பட்டிருக்கின்றன. எவர்சில்வர் டம்ளர் வாடகைக்கு எடுத்து, கழுவ இரண்டு ஆள் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பந்திக்கு 100 என்றால், கழுவி வர நேரம் வேண்டும் என்பதால் 250 டம்ளர் எடுக்கலாம். வாழை இலைக்கு வெளியே போக வேண்டியதில்லை. பூவன், மொந்தன் தோட்டம் வைத்திருக்கும் பக்கத்து விவசாயியிடம் முன்பே சொல்லிவைத்தால், முந்தின நாள் மாலை அறுத்துக் கொடுத்துவிடுவார். கிழிசலுக்காக நூற்றுக்குப் பத்து இலை கூடுதலாகச் சொல்லுங்கள்.

வாசகர் கேள்விகள்

‘‘600 பேர் கல்யாணத்துக்கு எவ்வளவு பெரிய ஜெனரேட்டர் எடுப்பது?’’

விளக்கு, மின்விசிறி, மைக் செட், கிரைண்டர் எல்லாவற்றின் வாட்ஸையும் கூட்டுங்கள். எல்.இ.டி விளக்குகளாக இருந்தால், 15 கே.வி.ஏ பெரும்பாலும் போதும். பாதி லோடில் மணிக்கு இரண்டு முதல் இரண்டரை லிட்டர் டீசல் பிடிக்கும். போர்வெல் மோட்டாரை இதில் ஓட்ட வேண்டாம். மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது பல மடங்கு மின்சாரம் இழுக்கும். முந்தின நாளே தொட்டியை நிரப்பிவிடுங்கள். ஜெனரேட்டர் புகை விஷம். மணப்பெண் அறை ஜன்னல் பக்கம், ஆள்கள் தூங்கும் பக்கம் நிறுத்தக் கூடாது. எர்த் கம்பி இறக்கச் சொல்லுங்கள்.

‘‘எங்கள் மகளிர் குழுவினர் சேர்ந்து பாத்திரம் வாங்கி வாடகைக்கு விடலாமா?’’

விடலாம். பல ஊர்களில் கோயில் பொறுப்பிலும், குழுக்கள் பொறுப்பிலும் இப்படிப் பொதுப் பாத்திரங்கள் இருக்கின்றன. முதலில் 100 பேருக்கான சமையல் பாத்திரம், வாளி, டம்ளர் மட்டும் வாங்குங்கள். காதுகுத்து, வளைகாப்பு, புதுமனைப் புகுவிழா என்று சின்ன விசேஷங்கள்தான் அதிகம் வரும். எல்லாப் பாத்திரத்திலும் குழுவின் பெயரைப் பொறித்துவிடுங்கள். உறுப்பினருக்கு ஒரு வாடகை, மற்றவர்களுக்கு ஒரு வாடகை என்று தீர்மான நோட்டில் எழுதி, வசூலில் ஒரு பங்கை ஈயம் பூசவும் பழுது பார்க்கவும் ஒதுக்கி வையுங்கள்.

‘‘சாமான் குறைகிறது என்று கடைக்காரர் சொல்கிறார். நாங்கள் பட்டியல் எழுதவில்லை. என்ன செய்வது?’’

முதலில் சமையல்காரரிடமும், மீந்த சாப்பாடு வாங்கிப்போன வீடுகளிலும், இலை கொட்டிய குழியிலும் தேடுங்கள். பாதிக்கு மேல் கிடைத்துவிடும். கிடைக்காதவற்றுக்குப் புதுச் சாமான் விலை கொடுக்க வேண்டியதில்லை. பழைய பாத்திரத்துக்கு உள்ள விலையைப் பேசி முடித்து, ‘பாக்கி இல்லை’ என்று ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.