தின்றும் தேறாத மாடு

சம்பா அறுவடை முடிந்ததும் மயிலாடுதுறைப் பக்கம் வயல்களில் கிடை போடுவார்கள். இரவெல்லாம் அடைந்து கிடக்கும் ஆடு மாடுகளின் சாணமும் மூத்திரமும்தான் அடுத்த போகத்துக்கு அடியுரம். அந்தச் சாணத்திலேயே ஒரு நோயும் பயணம் செய்யக்கூடும்.

அதன் பெயர் ஜோனி நோய். அது கண்ட மாட்டுக்குக் காய்ச்சல் இருக்காது, தீனியும் குறையாது. ஆனால் கழிச்சல் நிற்காது. குடற்புழு மருந்து கொடுத்தும் பயனில்லை. பால் வற்றும், விலா எலும்பு தெரியும், கடைசியில் தாடைக்கடியில் நீர் கோத்துத் தொங்கும். ஆடுகளிலோ பெரும்பாலும் கழிச்சல்கூட இல்லாமல் உடம்பு மட்டும் உருகும்.

1895-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் ஜோனி, ஃப்ராதிங்கம் ஆகிய இருவர் இதை முதலில் விவரித்தார்கள். கிருமி, காசநோய்க் கிருமியின் உறவினம். சாணம் ஒட்டிய காம்பைச் சப்பும் கன்றுக்குள் அது போய்விடும். நோய் வெளியே தெரிய 2 முதல் 5 ஆண்டுகள்கூட ஆகும்.

இத்தனை காலம் என்ன நடக்கிறது? சிறுகுடலின் கடைசிப் பகுதியில் விழுங்கு செல்கள் கிருமியை விழுங்குகின்றன, ஆனால் கொல்ல முடிவதில்லை. டி செல்கள் என்ற எதிர்ப்பு செல்கள் இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரந்து விழுங்கு செல்களை முடுக்கிவிட, கிருமி அடங்கிக் கிடக்கிறது. பிறகு அந்தப் பிடி தளர்ந்து, ரத்தத்தில் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதம் ஏறுகிறது. செல்லுக்குள் பதுங்கிய கிருமியை அது எட்டாது. இங்கே ஆன்டிபாடி ஏறுவது, உடல் தோற்றுக்கொண்டிருப்பதற்கு அடையாளம். எதிர்ப்பு செல்கள் குவியக் குவியக் குடற்சுவர் தடித்துவிடுகிறது. இறந்த மாட்டின் குடலை அறுத்துப் பார்த்தால் உட்புறம் மூளை மடிப்பு போல் இருக்கும். அதன் வழியே சத்து ஏறாது. உடலின் புரதமும் வெளியே கசியும். தாடை வீக்கம் அதனால்தான்.

குதிரைகளின் குடல் அழற்சியிலும் இதே போல எதிர்ப்பு செல்கள் குவிகின்றன. அங்கே பெரும்பாலும் காரணக் கிருமி பிடிபடுவதில்லை. ஸ்டீராய்டு கொடுத்து அடக்கப் பார்க்கிறார்கள். மனிதரிலும் இப்படி ஒன்று உண்டு என்று 1913-இலேயே கிளாஸ்கோ அறுவை மருத்துவர் டால்சியல் எழுதினார். இன்று அதற்குக் குரோன் நோய் என்று பெயர். ஜோனி கிருமிக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்ற விவாதம் இன்னும் தீரவில்லை.

மாட்டுக்கு இதைக் குணமாக்கும் மருந்து கிடையாது. அதற்காக இளைத்த மாட்டைச் சந்தையில் தள்ளிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அது இன்னொருவர் கொட்டகைக்கு நோயை ஏற்றி அனுப்புவது. அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் சொல்லி, சாணத்தையும் ரத்தத்தையும் சோதிக்கக் கேளுங்கள். கன்று ஈனும் இடத்தைத் தனியாக, உலர்வாக வைத்திருங்கள். நோய் கண்ட தாயிடமிருந்து கன்றை உடனே பிரித்து, நோயில்லாத வேறொரு மாட்டின் சீம்பாலைப் புகட்டுங்கள்.