தகர டப்பாவில் செப்புக் காசு

செஞ்சிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். தாத்தா வைத்துவிட்டுப் போன தகர டப்பாவில் கொஞ்சம் செப்புக் காசுகள் இருக்கின்றனவாம். ஆன்லைன் ஏல நிறுவனத்திடம் கொடுத்தால் விற்றுத் தருவார்களாமே, அது எப்படி என்று கேட்கிறார்.

என் அப்பா மல்லாட்டை மூட்டைகளைக் கமிஷன் மண்டியில் இறக்கிவிட்டு வருவார். விலை படியும்வரை சரக்கு அவருடையது. விற்ற பிறகு கமிஷன் போக மீதி கைக்கு வரும். காசு ஏலமும் அதே கணக்குதான். மும்பையில் டோடிவாலா, பெங்களூரில் மருதர் ஆர்ட்ஸ் போன்ற நிறுவனங்கள் காசை வாங்கி, எடை போட்டு, இருபுறமும் படமெடுத்து, மதிப்பீட்டு விலையோடு பட்டியலில் சேர்க்கின்றன. இந்த விலைக்குக் கீழே கொடுக்காதீர்கள் என்று நாம் முன்கூட்டியே அடிவிலை சொல்லிவைக்கலாம். கேட்பவர்கள் வீட்டிலிருந்தபடியே போனில் விலை ஏற்றுவார்கள். வாங்குகிறவரும் ஏல விலைக்கு மேல் ஒரு குறிப்பிட்ட சதவீதத்தை நிறுவனத்துக்குக் கட்டவேண்டும். விலை கேட்கும்போதே அவர் அதையும் மனதில் வைத்துத்தான் கேட்பார்.

செஞ்சி வட்டாரத்து டப்பாவில் என்னென்ன இருக்கலாம்? நாயக்கர், 1677இல் கோட்டையைப் பிடித்த சிவாஜி, 1698இல் முகலாயர், பிறகு ஆற்காட்டு நவாப், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர் என்று இத்தனை பேர் ஆண்ட ஊர் இது. ஒருபக்கம் பிரெஞ்சு அரசின் லில்லிப்பூ, மறுபக்கம் தமிழெழுத்தில் ‘புதுச்சேரி’ என்று அடித்த டூடூ காசு கிடைத்தால் ஆச்சரியமில்லை. தேவநாகரியில் ஒருபுறம் ‘ஸ்ரீ ராஜா சிவ’, மறுபுறம் ‘சத்ரபதி’ என்றிருந்தால் அது சிவராய். உடனே சிவாஜியே அடித்தது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அவருக்குப் பின் பேஷ்வாக்கள் காலத்திலும் அதே எழுத்தோடு நிறைய அடித்தார்கள். சாதாரண சிவராய் சில நூறு ரூபாய்க்கே போகும்.

இனி, நான் மன்றாடிக் கேட்டுக்கொள்ளும் விஷயம். டப்பாவைத் திறந்ததும் நம் வீடுகளில் முதலில் கை போவது புளிக்கு. தயவுசெய்து வேண்டாம். மண்ணில் கிடந்த செம்பின் மேல் முதலில் செம்பழுப்பு நிறத்தில் குப்ரைட் படியும். அதற்கு மேல் பச்சையாக மாலகைட் படியும். அழுக்குபோலத் தெரியும் இந்தப் படலத்துக்குள்தான் பல காசுகளில் எழுத்தின் விளிம்பு மிஞ்சியிருக்கிறது. அடியிலிருக்கும் உலோகம் எப்போதோ அரித்துப்போயிருக்கும். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் படலத்தைக் கரைக்கிறபோது எழுத்தும் சேர்ந்து கரைகிறது. மிஞ்சுவது பளபளக்கும் வட்டத் தகடு. அதை வாங்க ஆள் வராது. அப்படியே வந்தாலும் அது எந்தக் காசு என்று யாராலும் சொல்ல முடியாது. எத்தனை வீடுகளில் எத்தனை காசுகள் இப்படித் தேய்ந்து ஊமையாகிவிட்டன என்று நினைத்தாலே வயிறு எரிகிறது. ஏதாவது காசில் வெளிர்பச்சைத் தூள் பூத்திருந்தால் மட்டும் அதைத் தனியாக எடுத்து ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். அது குளோரைடு அரிப்பு. ஈரம் பட்டால் காசையே தின்றுவிடும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். நூறு வயதான காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். உள்நாட்டில் உரிமம் பெற்ற வணிகர் வழியே விற்கலாம். வெளிநாட்டு ஏலத்துக்குத் தனிநபர் அனுப்ப முடியாது. நிலத்தை உழும்போது கிடைத்த காசு என்றால் கதையே வேறு. பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்கவேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். செஞ்சிக் கோட்டைக்குள் தோண்டுவது சுத்தமாகக் கூடாது. கமிஷனை முதலில் கட்டுங்கள், உங்கள் பழைய காசுக்கு லட்சம் தருகிறோம் என்று ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி யாராவது பேசினால் போனை வைத்துவிடுங்கள். தனக்கும் இந்த வியாபாரத்துக்கும் சம்பந்தமில்லை என்று அந்த வங்கியே 2021இல் அறிவித்திருக்கிறது.

ஏல நிறுவனத்துக்கு அனுப்பும் முன் ஒவ்வொரு காசையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு, தாத்தாவுக்கு அது எந்த ஊரில், யாரிடமிருந்து வந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு உறைமேல் எழுதுங்கள். ஏலப் பட்டியல்களில் காசின் எடை இருக்கும், படம் இருக்கும். கிடைத்த ஊர் பெரும்பாலும் இருக்காது. ஓர் ஆட்சியின் காசு எதுவரை புழங்கியது என்று ஆராய்கிறவருக்கு அந்த ஊர்ப்பெயர்தான் வேண்டும். எழுதிய உறையின் நகல் ஒன்று உங்களிடமும் இருக்கட்டும்.